பொம்மை பங்களாவில் செபஸ்தியார்

கோம்பை ரோட்டுத் திருப்பத்தில் மோட்டார் சத்தம் கேட்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. யுத்தம் நடந்த அந்த வருஷத்தில் எங்கள் பக்கம் மோட்டார் ஓட்டியவர்கள் இரண்டு சாதிதான். ஒன்று எஸ்டேட் துரைமார், இன்னொன்று போலீஸ். துரைமார் மலைக்கு மேலே இருந்தார்கள். சத்தம் கீழேயிருந்து வந்தது.

“ஏலே ஞானமுத்து, வந்துட்டாக” என்றேன்.

என் தம்பி குடித்துக்கொண்டிருந்த கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். ராயப்பன்பட்டியில் வாத்தியாராக இருந்தவன். வெள்ளைக்காரனை வெளியேறச் சொன்ன ஆகஸ்டு கலவரத்தில் தந்திக் கம்பியை அறுத்ததாக அவன்மேல் கேஸ். அறுத்ததாக என்ன, அறுத்தான். அதை என்னிடமே பெருமையாகச் சொன்னபோது கன்னத்தில் ஓர் அறை விட்டேன். மலையில் ஒளிந்து திரிந்து, காய்ச்சலோடு என் வாசலில் வந்து விழுந்தவனை வேறு எங்கே அனுப்புவது? கூடப் பிறந்து தொலைத்துவிட்டானே.

நான் குடியிருந்தது பொம்மை பங்களாவின் பின்கட்டில். ஊர்ச்சனம் வைத்த பெயர் அது. கட்டியவர் கார்லோ துரை, இத்தாலி தேசத்துக்காரர், மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்தார். அவர் ஊரான பிளாரன்ஸ் பட்டணத்துச் சிற்பிகள் நானூறு வருஷத்துக்கு முந்திச் செதுக்கிய சிலைகள் இருக்கின்றனவாம். அவற்றுக்கு அச்சு எடுத்து, வெள்ளைச் சாந்தில் வார்த்து, தூத்துக்குடிக்குக் கப்பலிலும் தேனிக்கு ரயிலிலும் அங்கிருந்து மாட்டுவண்டியிலுமாகக் கொண்டுவந்து, காப்பி மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கியில் வரிசையாக நிறுத்தினார். “இது மியூசியம்” என்பார். யார் வந்தாலும் தானே கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு சிலைக்கும் முன்னால் நிறுத்தி, தன் உடைந்த தமிழில் கதை சொல்லுவார். நான் தூசி தட்டும் துணியோடு பின்னால் போவேன். வருஷக்கணக்கில் கேட்டதில் அந்தக் கதைகளெல்லாம் எனக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம்.

இத்தாலி யுத்தத்தில் எதிர்க்கட்சியில் சேர்ந்ததும், கோழியை அறுத்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அந்த மனிதர் ஒரே நாளில் விரோதியாகிவிட்டார். வடக்கே எங்கேயோ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பங்களா சர்க்கார் வசம் போயிற்று. துரையிடம் மேஸ்திரியாக இருந்த என் வீட்டுக்காரர் சின்னப்பராஜையே காவலுக்கு வைத்தார்கள். அப்புறம் என் தம்பியைத் தேடி வந்த போலீஸ், அவன் கிடைக்கவில்லை என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனது. விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவில்லை. நான் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தேன். பெரிய ஜெயிலுக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய? நம்பினால்தான் மறுநாள் அடுப்பைப் பற்றவைக்க முடிந்தது.

சரி, மோட்டாருக்கு வருகிறேன். போலீஸ் ஒருநாள் மறுபடி வரும் என்று தெரிந்ததால் நானும் தம்பியும் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தோம். யோசனை அவனுடையது. பைத்தியக்கார யோசனை. கிட்டங்கியின் உள்மூலையில் புனித செபஸ்தியார் சிலை இருந்தது. மரத்தில் கட்டிவைத்து அம்பு எய்து கொல்லப் பார்த்தார்களே, அந்த மகான். போன மழையில் கூரை ஒழுகி, செபஸ்தியார் அடியோடு இற்று விழுந்துவிட்டார். மரத்தூணும் பீடமும் மட்டும் மிச்சம். கோயில் திருநாள் நாடகத்தில் செபஸ்தியாராக நடித்து, அம்பு பட்டு நெடுநேரம் ஆடாமல் நின்று கைதட்டல் வாங்கியவன் என் தம்பி. சிலையை ஒட்டுப்போட துரை வைத்திருந்த வெள்ளை மாவைக் கஞ்சியில் குழைத்து ஒரு பானையில் தயாராக மூடி வைத்திருந்தேன். வேட்டியைக் கிழித்துக் கோவணமாகக் கட்டிக்கொண்டான். தலைமுடி, முகம், கண்ணிமை, நெஞ்சு, கால் விரல் என்று நான் அப்பிக்கொண்டே போனேன். அவன் உடம்பு கொதித்தது. அவசரத்தில் பாதி மாவு தரையில் விழுந்தது.

“அக்கா, கண்ணத் தொறக்க மாட்டேன். நீ பேசிக்கிட்டே இரு. ஓம் பேச்சு கேட்டா எனக்குத் தெம்பா இருக்கும்” என்றான்.

பீடத்தில் ஏறி, தூணுக்குப் பின்னால் கைகளைக் கோத்துக்கொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்து நின்றான். தரையைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. அந்த ஒரு நிமிஷம்தான் அன்றைக்கு நான் பயப்படாமல் இருந்த நேரம்.

முன்வாசலில் மோட்டார் நின்றது. இன்ஸ்பெக்டர் முதலில் இறங்கினார். என் வீட்டுக்காரரைக் கூட்டிப்போன அதே ஆள்தான். கையில் பிரம்பு. இரண்டு போலீஸ்காரர்கள் பின்னால் இறங்கினார்கள். மோட்டாருக்குள் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

“தம்பி வந்தானா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இல்லீங்கய்யா. வந்தா நானே பிடிச்சுக் குடுத்துருவேன். அவனாலதான எங்க வீட்டு ஆளு ஜெயில்ல கெடக்காக.”

“ம். அவன் பெரிய ஜெயில்ல சௌக்கியமா இருக்கான். அதப் பத்திக் கவலப்படாத.” அதைச் சொல்லும்போது அவர் என் தோளுக்குமேல் எங்கேயோ பார்த்தார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. சௌக்கியம் என்ற சொல் காதில் விழுந்ததே போதும் என்றிருந்தது.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “வீட்டம்மாவுக்குச் சிலையெல்லாம் பாக்கணுமாம். கூட்டிப் போய்க் காட்டு. யாரு என்னன்னு கேட்டா வேலைக்காரின்னு சொல்லு, போதும். வேற வாயாடாத” என்றார்.

சோதனை போட வந்தால் தட்டுமுட்டுச் சாமானை உதைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொன்றாக நின்று பார்ப்பார்கள். இதற்கு என்ன செய்வது என்று நாங்கள் யோசித்து வைக்கவில்லை.

அந்த அம்மாள் இறங்கினாள். கஸ்தூரியம்மாள் என்று பெயர், அவர் கூப்பிட்டபோது தெரிந்துகொண்டேன். நல்ல சிவப்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், நாலு நாள் தூங்காத முகம். கையில் ஒரு தாம்பாளம். அதில் வெற்றிலை, பழம், ஒரு குவியல் மல்லிகை. சிலை பார்க்க வருகிறவள் தாம்பாளத்தோடு வருவாளா என்று நினைத்துக்கொண்டே லாந்தரைப் பற்றவைத்தேன். யுத்தம் வந்ததிலிருந்து கிட்டங்கி ஜன்னல்களைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். பட்டப்பகலிலும் உள்ளே விளக்கு வேண்டும். அதற்காக அந்த யுத்தத்துக்கு நான் ஒரு கும்பிடு போட்டேன்.

போலீஸ்காரர்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்த ஒருவன், வெள்ளை வெளேரென்று ஆள் உயரத்துக்கு நிற்பவற்றைக் கண்டு, “நாங்க இங்கனயே இருக்கம் அய்யா” என்றான். ஆக நாங்கள் மூன்று பேர்தான் உள்ளே போனோம்.

முதலில் நிற்பது தாவீது ராஜா. உடம்பில் ஒட்டுத்துணி கிடையாது. பங்குச் சாமியார் ஒருமுறை பார்த்துவிட்டுச் சத்தம் போட்டதிலிருந்து என் வீட்டுக்காரர் இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றி வைத்திருந்தார்.

“இது தாவீது ராசாங்க. ஆடு மேய்க்கிற பயலா இருந்தப்ப, ஒரு ராட்சசனக் கவண்கல்லால அடிச்சு விழுத்தாட்டினாரு. அடிக்கிறதுக்கு முந்தி நிக்கிற நெலை இது. கழுத்து நரம்பப் பாருங்க, பொடைச்சு நிக்கும். வெளியில தைரியம், உள்ள பயம். அதத்தான் சிற்பி செதுக்கியிருக்கார்ம்பாரு எங்க துரை.”

“அந்த ராட்சசன் எந்த சர்க்காரு?” என்று கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் தானே சிரித்துக்கொண்டார். பிறகு பிரம்பால் தாவீதின் தொடையில் தட்டினார். டொக், டொக் என்று கேட்டது. “உள்ள பொள்ளலா? நோட்டீசு கீட்டீசு ஒளிச்சு வைக்கலாம் போலருக்கே.”

இவர் ஒவ்வொரு சிலையாகத் தட்டிக்கொண்டே வரப்போகிறார். செபஸ்தியாரைத் தட்டினால் டொக் என்று கேட்காது.

அதற்குள் அந்த அம்மாள் குனிந்து, தாவீதின் பாதத்தில் ஒரு பூவை வைத்து, இரண்டு கையாலும் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ பேர் வந்து பார்த்திருக்கிறார்கள். சிரித்திருக்கிறார்கள், வெட்கப்பட்டிருக்கிறார்கள். இப்படிக் கும்பிட்டவர்கள் யாருமில்லை.

“அம்மா, இது கும்புடுற சாமியில்லீங்க. பாக்குறதுக்குச் செஞ்சது” என்றேன்.

“எந்தச் சாமி எதுன்னு நமக்கென்ன தெரியும் தாயி” என்றாள் மெதுவாக. “எல்லாக் காலையும் தொட்டுருவோம்.”

எல்லாக் காலையும். தொட்டால் தெரிந்துவிடும். மற்றதெல்லாம் குளிர்ந்த சாந்து. அவன் கால் காய்ச்சலில் கொதிக்கிற கால்.

அடுத்தது பத்துக் கட்டளை கொண்டுவந்த மோயீசன். உட்கார்ந்த நிலை, இடுப்புவரை தாடி, தலையில் இரண்டு கொம்பு. கஸ்தூரியம்மாள் ஓர் அடி பின்வாங்கினாள். “கொம்பு வச்சிருக்கே. முனியா?”

“முனியில்லம்மா. ஆண்டவரோட பேசிட்டு மலையிலருந்து இறங்கின மகான். முகத்துல ஒளி வீசுனத அந்தக் காலத்துல கொம்புன்னு எழுதிப்புட்டாகளாம்.” என் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போயிற்று. வேறு நாளாக இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக் கேட்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பேன். அன்றைக்கு என் கண்ணெல்லாம் உள்மூலையில் இருந்தது. இருட்டில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் பிரம்பை ஓங்கினார். அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துவிட்டாள். “சாமியப் பிரம்பால அடிக்காதீக. அடிச்சது போதாதா?”

அவர் முகம் மாறிற்று. என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அடிச்சது போதாதா என்று அவள் கேட்டதை நான் அப்போது தாவீதைத் தட்டியதற்காகச் சொன்னதாக நினைத்தேன். அவளுக்காக மனசுக்குள் மாதாவிடம் ஒரு மங்கள வார்த்தை மந்திரம்கூடச் சொன்னேன்.

பாட்டுப் பாடும் பிள்ளைகள் பலகைக்கு வந்தோம். குண்டு குண்டுப் பிள்ளைகள் வாயைத் திறந்து பாடுவதுபோல் செதுக்கியது. அதன்முன் அவள் நெடுநேரம் நின்றாள். அதில் ஒரு சின்னப் பெண்ணின் கன்னத்தைத் தடவினாள். “கண்ணுல பாவையே இல்லையே. இதுகளுக்கெல்லாம் இன்னும் கண் தொறக்கலையா?”

“அந்த ஊரு வழக்கத்துல கண் தொறக்குறது இல்லம்மா.”

“அப்ப, நாம பேசுறது கேக்குமா?”

கேட்கும் என்றேன். அவள் தலையாட்டினாள். நான் இன்னும் இரண்டு கதையை இழுத்து இழுத்துச் சொன்னேன். சிறகு வைத்த சம்மனசுகளைப் பற்றி, சலவைக்கல்லை வெட்டும் மலையைப் பற்றி, துரைகூடச் சொல்லாததையெல்லாம் சொன்னேன். களைத்துப்போய்த் திரும்பிவிட மாட்டார்களா என்று ஓர் ஆசை. இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். “சட்டுனு முடி” என்றார். மூலைக்கு வந்துவிட்டோம்.

லாந்தரைத் தாழ்த்திப் பிடித்தேன். அவன் முகத்தில் வெளிச்சம் விழாமல் பார்த்துக்கொண்டேன். “இது புனித செபஸ்தியாரு. பட்டாளத்துக்காரரு. வேதத்த விட மாட்டேன்னு சொன்னதால மரத்துல கட்டி அம்பு விட்டாக.”

கஸ்தூரியம்மாள் குனிந்தாள். பூவை வைத்தாள். பாதத்தைத் தொட்டாள்.

தொட்ட கை அப்படியே நின்றது. எடுத்தாள், மறுபடி தொட்டாள். பிறகு மெல்ல நிமிர்ந்து மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெக்கையில், காய்ச்சல் விட ஆரம்பித்திருக்கும் போல, என் தம்பிக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. கழுத்திலிருந்து நெஞ்சுவரை வெள்ளை மாவில் ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. சேசுவே, இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கூரையைப் பிய்த்துக்கொண்டு ஓட முடியுமா, லாந்தரை இன்ஸ்பெக்டர் மூஞ்சியில் வீசலாமா, வாசலில் இரண்டு பேர் இருக்கிறார்களே என்று புத்தி தறிகெட்டு ஓடியது.

“வேர்க்குது” என்றாள் அவள், மூச்சோடு மூச்சாக. “சாமிக்கு வேர்க்குது. காலு சுடுது.”

“என்ன கஸ்தூரி?” என்று இன்ஸ்பெக்டர் கிட்ட வந்தார்.

அவள் சட்டென்று திரும்பி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மறித்து நின்றாள். “நீங்க கிட்ட வராதீக. ஒங்களால வந்த வெனைதான இது. அங்கிட்டுப் போங்க. நான் கேட்டுக்கிறேன்.”

கட்டிய பெண்டாட்டி, அதுவும் ஒரு வேலைக்காரி முன்னால், இப்படிப் பேசியதில் அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் கோபத்தைவிடப் பெரிதாக எதுவோ அவரைத் தடுத்தது. வாசல் பக்கம் நடந்துபோய் முதுகைக் காட்டிக்கொண்டு சிகரெட் பற்றவைத்தார்.

கோயில்களில் சில சாமிகளுக்கு வேர்க்கும் என்று எங்கள் பக்கத்து இந்துச் சனங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பட்டுத் துணியால் ஒற்றி எடுப்பார்களாம். இவளும் முந்தானையை எடுத்துக்கொண்டு அவன் நெஞ்சுக்குக் கையை உயர்த்தினாள். துடைத்தால் கறுப்புத் தோல் தெரிந்துவிடும். நான் குறுக்கே கையை நீட்டினேன். “காலத் தவிர வேற எங்கயும் தொடக் கூடாதும்மா. இந்தச் சாமிக்கு ஆகாது.”

அவள் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டாள். அடுத்த கணம் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, அவன் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டாள். அங்கே நான் ஒருத்தி லாந்தரோடு நிற்கிறேன் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

“சாமி, நீ யாருன்னு எனக்குத் தெரியாது. ஓம் பேரு வாயில நொழையல. எம்மகளுக்கு வலிப்பு. பொழுது சாய்ஞ்சா வெட்டி வெட்டி இழுக்குது. தேவதானப்பட்டிக் கோடாங்கி உடுக்கடிச்சுப் பாத்துச் சொல்லிப்புட்டான். ஒங்க வீட்டுக்காரரு கையில செத்தவன் பாவம் பிடிச்சிருக்கு, அந்தச் செத்தவன் எந்தச் சாமிய அண்டியிருந்தானோ அந்தச் சாமி காலப் போய்ப் பிடின்னு சொன்னான். அதான் வந்தேன். இந்தப் பங்களாவுல ஒன்னயத் தொடைச்சுக் காவக் கெடந்தவன இவுக கொண்டுபோய் அடிச்சிப்புட்டாக. மச்சினன் எங்கன்னு கேட்டு அடிச்சிருக்காக. கடைசிவரைக்கும் வாயத் தொறக்கலையாம். பொழுது விடிய உசுரு இல்ல. ஆத்தங்கரையில யாருக்கும் தெரியாமப் பொதைச்சுப்புட்டாக. அவன் பொண்டாட்டி இருக்காளாம் சாமி, ஜெயில்ல இருக்கான்னு நெனச்சுக்கிட்டு இருக்காளாம். என்னயத் தண்டிச்சுக்க. எம்புள்ளைய விட்டுரு.”

எனக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. யாரோ ஒருத்தனைப் பற்றிச் சொல்கிறாள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். காவல் கிடந்தவன், மச்சினன், பொண்டாட்டி என்று ஒவ்வொரு சொல்லாக உள்ளே இறங்கி, அந்தப் பொண்டாட்டி நான்தான் என்பது கடைசியில்தான் வந்து சேர்ந்தது. லாந்தர் என் கையில் ஆடியது. செபஸ்தியாரின் நிழல் சுவரில் ஆடியது. அழுகை வரவில்லை. வந்தால் நாங்கள் தொலைந்தோம் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது போல.

அப்போது அவன் கட்டைவிரலைப் பார்த்தேன். மடங்கியது. முழங்கால் துடித்தது. கேட்டுவிட்டான். தனக்காக மச்சான் அடிபட்டுச் செத்ததை, காலைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி சொல்லக் கேட்டுவிட்டான். இறங்கப்போகிறான். இறங்கி, வாசலில் புகைவிட்டுக்கொண்டு நிற்கிறவன் கழுத்தைப் பிடிக்கப்போகிறான். அப்புறம் இவனையும் ஆற்றங்கரையில் புதைப்பார்கள். அன்றைக்கு நான் பட்ட பயத்திலேயே பெரிய பயம் அதுதான். போலீஸைப் பார்த்து வந்த பயமெல்லாம் அதற்கு முன் ஒன்றுமேயில்லை.

பேசிக்கிட்டே இரு என்று சொன்னானே. பேசினேன்.

“செபஸ்தியாரு அசையல” என்றேன், உரக்க. “அம்பு பாஞ்சப்பவும் அசையல. கண்ணு முன்னாடி வேண்டியவுகளக் கொன்னாக, அப்பவும் அசையல. அசையாம நின்னதாலதான் பொழைச்சாரு. பொழைக்கணும்னு ஒருத்தி கீழ நின்னு கெஞ்சுனா. அவளுக்கு வேற நாதி இல்ல. அவ பேச்சக் கேட்டு நின்னாரு.”

கட்டைவிரல் மெல்ல நிமிர்ந்தது.

கஸ்தூரியம்மாள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் சொன்னது தனக்கென்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. கன்னமெல்லாம் கண்ணீரும் வெள்ளை மாவும். “அம்பு விட்டவன மன்னிச்சாரா தாயி?” என்று கேட்டாள்.

என்னிடம்தான் கேட்டாள். இத்தனை பெரிய உலகத்தில் கேட்க வேறு ஆளா கிடைக்கவில்லை? இல்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. உன் புருஷன் நாசமாய்ப் போவான் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் அங்கேயிருந்து எழுந்திருக்க வேண்டும், அவன் காலை விட வேண்டும், வெளியே போக வேண்டும். அதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

“மன்னிச்சாருன்னுதாம்மா எழுதியிருக்கு” என்றேன்.

அவள் எழுந்தாள். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் ஒரு சிலை பாக்கி இருந்தது. செத்த மகனை மடியில் கிடத்திக்கொண்டிருக்கும் மாதா. அதைக் காட்டாமல் விட்டால் சந்தேகம் வருமோ என்று அதற்கும் விளக்கைத் தூக்கினேன். “எங்க மாதா. மடியில மகன். அம்மா மொகத்துல அழுகை இல்ல பாருங்கம்பாரு துரை” என்றேன். அதற்குமேல் சொல்லாமல் விளக்கைத் தாழ்த்தினேன். நல்லவேளை, அவள் அதைப் பார்க்கவில்லை. செபஸ்தியாரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

வெளி வெளிச்சத்துக்கு வந்ததும் கண் கூசியது. கதவைச் சாத்திப் பூட்டினேன். இன்ஸ்பெக்டர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே என்ன காதில் விழுந்திருக்கும் என்று அளக்கிறார். நான் தெரிந்துகொண்டேன் என்று தெரிந்தால் என் வாயை அடைக்க என்னையும் பிடித்துக்கொண்டு, இந்தப் பங்களாவைக் கல் கல்லாகப் பெயர்ப்பார். செபஸ்தியார் பீடமும் அதில் உண்டு.

“வெளக்கு சூடு, கண்ணு எரியுதுங்கய்யா” என்றேன் முந்திக்கொண்டு.

“ம்” என்றார். சற்று நேரம் பிரம்பால் பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம், வீட்டம்மாள் மோட்டாரில் ஏறிவிட்டாள் என்ற நினைப்பில், நான் நம்பியிருக்கிறேனா என்று பார்க்கத்தானோ என்னவோ, “ஓம் புருசன் சின்னப்பராஜ் சீக்கிரம் வந்துருவான். காவல் வேலை அவனுக்கே கெடைக்கும். ஜெயிலுக்கு ஆளு போகுது, ஏதாச்சும் சொல்லணுமா?” என்று கேட்டார்.

மோட்டாரில் ஏறப் போன கஸ்தூரியம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். மெல்லத் திரும்பினாள். அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். வேலைக்காரி யார் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. காலடியில் அவள் சொன்னதையெல்லாம் விளக்குப் பிடித்துக் கேட்டுக்கொண்டு நின்றவள் யார் என்பதும் தெரிந்தது. அவள் வாய் திறந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், என் தம்பி பிடிபட்டுவிடுவான். நான் அவள் கண்ணையே பார்த்தேன். கெஞ்சினேனா, மிரட்டினேனா, தெரியாது.

“சாப்பாட்டுக்குக் கஷ்டப்படாம இருக்கச் சொல்லுங்கய்யா. நான் நல்லாருக்கேன்னு சொல்லுங்க” என்றேன் அவரிடம்.

இன்ஸ்பெக்டருக்கு நிம்மதி. முகம் இளகிவிட்டது. பெருந்தன்மைகூட வந்துவிட்டது. “கஸ்தூரி, தாம்பாளத்துல மிச்சம் பூ இருக்குல்ல. அதுக்குக் குடு. வீடு தேடி வந்துட்டுக் கட்டுக்கழுத்திக்குப் பூக் குடுக்காமப் போகலாமா?”

அவள் அசையவில்லை. மல்லிகையில் கை வைத்தவள் கையை எடுக்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. தாலி அறுத்தவளுக்குத் தெரிந்தே பூக் கொடுக்கிற பாவம் எந்தப் பொம்பளைக்கும் தெரியும். தாம்பாளம் நடுங்கியது. இன்ஸ்பெக்டர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்தார். அவர் புருவம் சுருங்கியது.

இன்னும் ஒரு மூச்சு நேரம் போனால் அவருக்கு விளங்கிவிடும். நான் நெருங்கிப் போனேன். “குடுங்கம்மா” என்று சொல்லி, அவள் கையிலிருந்த பூவை நானே எடுத்தேன். அவர்கள் இரண்டு பேரும் பார்க்கும்படி கொண்டையில் வைத்துக்கொண்டேன். நன்றாகப் பதிந்ததா என்று தடவியும் பார்த்தேன். போய்ட்டு வாங்கம்மா என்றேன்.

மோட்டார் கிளம்பி, ஓடையைத் தாண்டி, ரோட்டுத் திருப்பத்தில் சத்தம் அடங்கும்வரை அந்தப் பூவோடு வாசலில் நின்றேன். பிறகுதான் கதவைத் திறந்து தம்பியைக் கீழே இறக்கப் போனேன்.